முன்பாயில் ஒரு ஜன்னல்

ஞாயிற்றுக்கிழமைப் படகுப் போட்டிக்குப் புது முன்பாய் தைத்து வாங்க வந்த இன்னாசி, பிரகாசி துணியை விரிக்கும் முன்பே கேட்டுவிட்டார்.

"டீச்சர், பாயில ஒரு ஜன்னல் வச்சா என்ன?"

அவள் அவரைவிடப் பத்து வயது இளையவள். பாய் தைப்பவள். சுக்கான் பிடிக்க அவளிடம் கற்ற நாளிலிருந்து அவருக்கு அவள் டீச்சர்தான்.

"எதுக்குண்ணே?"

"கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் தாள், கையகலத்துக்கு. சுக்கான்ல உக்காந்தா பாய்க்கு அந்தப் பக்கம் ஒண்ணும் தெரியமாட்டேங்குது."

"முன்னால உங்க மச்சான் இருக்காரே. அவரு சொல்லமாட்டாரா?"

இன்னாசி கடலைப் பார்த்தார். போன வருஷப் போட்டியில் மச்சான் சவேரியான் சொல்லத்தான் செய்தான். 'படகு வருது, திருப்பு' என்று கத்தினான். இவர் 'நெசமாவா?' என்றார். மறுபடி கத்தினான். 'நல்லாப் பாத்தியா?' என்றார். அதற்குள் மோதி, பாய்மரம் முறிந்தது. அன்றிலிருந்து கரையில் அவருக்கு 'நெசமாவா இன்னாசி' என்றே பெயர்.

"இனி நானே பாத்துக்கிடுறேன் டீச்சர்."

"அவரு என்ன சொல்றாரு?"

"ஜன்னல் வந்தா தெக்குத்தெருக்காரன் படகுல ஏறிக்கிடுவேங்கான். அவனை விட்டா முன்னால உக்கார இந்தக் கரையில வேற ஆளு இல்ல. அதான் என்ன செய்யன்னு தெரியல."

பிரகாசி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"வாங்க, ஒரு சுத்து போயிட்டு வருவோம்."

இன்னாசியின் படகில் பழைய பாயையே ஏற்றினார்கள். பிரகாசி முன்னால் போய் உட்கார்ந்தாள். காற்று நன்றாகப் பிடித்துக்கொண்டது. படகு சாய்ந்து ஓடியது. சாய்ந்த பக்கம் முழுக்க, சுக்கானில் இருந்த இன்னாசிக்கு வெறும் துணிதான் தெரிந்தது.

"திருப்புங்க!"

சுக்கானை ஒரே தள்ளாகத் தள்ளினார். படகு சுழன்றது. பாய் படபடவென்று அடித்து மறுபக்கம் போய் விழுந்தது. அவருக்கு மூச்சு வாங்கியது.

"யாரு படகு டீச்சர்?"

"படகா? ஒண்ணுமில்லையே."

பாய் விலகிய பக்கம் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர்.

"பெறகு ஏன் திருப்பச் சொன்னீங்க?"

"நீங்க ஏன் திருப்புனீங்க?"

"இதென்ன கேள்வி? நீங்க சொன்னீங்க, திருப்புனேன்."

பிரகாசி முன்பாயின் கயிற்றை இழுத்துக் கட்டினாள். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"நெசமாவான்னு கேக்கலையேண்ணே."