மூன்று தரம் இழுத்துப் பார்ப்பவர்

"பனியிலை வழுக்காமல் ஓட்ட எனக்கு ஒருக்கால் பழக்கிவிடு, பிள்ளை," என்றார் சிற்றம்பலம்.

யசோதரா மொன்றியல் நகரில் கார் பழக்குபவள். அவரைவிட இருபத்தைந்து வயது இளையவள்.

"வழுக்கினதோ, அண்ணை?"

"வழுக்கித்தான் இருக்கும். வேறை என்ன?"

போன மாசியில் அவர் ஓட்டிய கார், சந்தியில் நின்ற லொறிக்குப் பின்னால் புகுந்தது. பக்கத்தில் இருந்த மனைவி இராசமலர் அங்கேயே போய்விட்டாள்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று செத்தவீட்டுக்கு வந்தவர்கள் சொன்னார்கள். அவர் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். ஒரு வருடமாக அதை வைத்துத்தான் உயிரோடு இருந்தார்.

மகள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவரோடு பேசுவதையே நிறுத்தியிருந்தாள். போன கிழமை யசோதராவின் விலாசத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி மேசையில் வைத்தாள். அவ்வளவுதான்.

"முப்பது வருசம் வன்னி றோட்டிலை லொறி ஓட்டினனான். ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட முட்டேல்லை. அண்டைக்குப் பிரேக் பிடிச்சன், கண்ணுக்கு முன்னாலை எல்லாம் வெள்ளையாப் போச்சு. வானம் இடிஞ்சு விழுந்தமாதிரி."

"லொறியிலை பாரம் ஏத்தினால் என்ன செய்வியள்?"

அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது.

"படங்கு மூடிக் கயிறு போடுவன். மூண்டு தரம் இழுத்துப் பாக்காமல் ஸ்டியரிங்கைத் தொடமாட்டன்."

யசோதரா தன் காரின் சாவியைக் கொடுத்தாள்.

கண்ணாடிகளை மட்டும் அவள் துடைத்து வைத்திருந்தாள். கூரையில் சாண் உயரத்துக்குப் பனி கிடந்தது. சிற்றம்பலம் நிமிர்ந்து பார்க்காமல் ஏறினார்.

உள்ளே சூடு ஏறும்வரை யசோதரா காரை எடுக்கவிடவில்லை.

தேவாலயத்தின் பின்னால் கார் நிறுத்தும் பெரிய வெளி. பனி வழித்து உப்புப் போட்டிருந்தார்கள். ஒரு வாகனமும் இல்லை.

"நாப்பதிலை போங்கோ."

போனார்.

"பிரேக் பிடியுங்கோ."

பிடித்தார். கார் வழுக்கவில்லை. சொன்ன இடத்தில் நேராக நின்றது. கூரைப் பனி முழுவதும் சரிந்து முன்கண்ணாடியில் விழுந்தது. வைப்பர் முனகியது, அசையவில்லை.

வெளியே ஒன்றும் தெரியவில்லை.

"அண்டைக்குக் கண்டது இதுதானோ, அண்ணை?"

அவர் கைகள் ஸ்டியரிங்கிலேயே இருந்தன.

"மலர் பனி தட்டுற பிரஷ்ஷோடை நிண்டவள்," என்றார். "கூரையையும் தட்டிப்போட்டு வாறன் எண்டவள்."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"ஓடேக்கை பனி தானாப் பறந்துபோகும், நீ ஏறு எண்டன்."

வைப்பர் முனகிக்கொண்டிருந்தது. அவள் அதை நிறுத்தினாள்.

"இதை நான் மகளுக்கு என்னெண்டு சொல்லுவன், பிள்ளை?"

"அண்டைக்கு அவ எங்கை இருந்தவ?"

அவர் மெல்லத் திரும்பிப் பின்னால் பார்த்தார்.

"பின்சீட்டிலை," என்றார்.