கரடி நிழலில் ஒன்றும் நடக்கவில்லை

பலா மரங்கள் அடர்ந்த ஒரு காட்டில், குழந்தைகளே, கணக்கில் புலியான ஓர் அணில் இருந்தது. கொறியன் என்று பெயர். ஒரு நாவல்பழம் கணக்கில் குறைந்தாலும் அதற்குத் தூக்கம் வராது.

அங்கே வளரும் பிள்ளைகள் மாலையில் ஒன்றுகூடுவதற்கு இரண்டு இடங்கள் இருந்தன. ஒன்று நரியின் ஆட்டக்களம். மற்றொன்று கரடி பார்த்துக்கொண்ட பலாமர நிழல். காட்டார் எல்லோரும் சேர்ந்து மாதம் பத்துப் பத்துத் தேனடை இரண்டுக்கும் கொடுத்துவந்தார்கள். அந்தக் கோடையில் பூ பூக்கவில்லை, தேன் குறைந்துபோனது.

"இனி ஓர் இடத்துக்குத்தான் கொடுக்க முடியும்" என்றது தலைவி யானை. "கொறியா, கொடுக்கிற தேனுக்கு எங்கே பலன் இருக்கிறது என்று பார்த்துவிட்டு வா."

கொறியன் ஒரு தேக்கிலையோடு கிளம்பியது.

நரி வாசலுக்கே ஓடிவந்தது. "தினமும் நாற்பது பேர், அண்ணே! வேண்டுமானால் எண்ணிக்கொள்ளுங்கள்." கொறியன் எண்ணியது. நாற்பது சரியாக இருந்தது. அதற்கு மனம் குளிர்ந்துவிட்டது.

கரடி நிழலில் ஒன்பது பேர்தான். அதில் ஒன்று கொறியனின் மகன் துள்ளன். ஒரு மான்குட்டி படுத்தபடி கதை அளந்துகொண்டிருந்தது. இரண்டு முயல்கள் ஒரு விளாங்காய்க்குச் சண்டை போட்டன. கரடி நடுவில் உட்கார்ந்து தேனடையைப் பிட்டுப் பிட்டுக் கொடுத்தது.

"இந்த வருடம் இங்கே என்ன நடந்தது?" என்றது கொறியன்.

கரடி தலையைச் சொறிந்தது. "ஒன்றும் நடக்கவில்லையே, அண்ணே."

கொறியனுக்குப் பாவமாக இருந்தது. ஒரு பொய்யாவது சொல்லத் தெரியவில்லையே இதற்கு! ஆனாலும் கணக்கு கணக்குதான். இலையில் பெரிதாக ஒரு பூச்சியம் போட்டது.

கரடி நிழல் மூடப்பட்டது.

நான்காம் நாள் மாலை துள்ளன் வீடு திரும்பவில்லை. கொறியன் பதறியடித்துக்கொண்டு ஆட்டக்களத்துக்கு ஓடியது. அங்கே நரி மட்டும் தேனை நக்கிக்கொண்டிருந்தது. அப்போது காட்டோரக் கடலை வயலில் அழுகுரல் கேட்டது.

மனிதர்கள் வைத்த கண்ணியில் துள்ளனின் வால் சிக்கியிருந்தது. சத்தம் கேட்டு முன்பே வந்துவிட்ட கரடி, கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தது. பாதி வால் போயிற்று, உயிர் மிஞ்சியது.

"ஆட்டக்களத்துக்குத்தானே போனாய்?" என்று கொறியன் கேவியது.

"போனேன் அப்பா. நரி மாமா வாசலில் ஒரு சொட்டுத் தேன் தந்து தலையை எண்ணுவார். அப்புறம் உள்ளே போய்விடுவார். மற்றவர்கள் வீட்டுக்குப் போவார்கள். எனக்குக் கடலை வாசம் அடித்தது, வந்துவிட்டேன். கரடி மாமா என்றால் போக விடமாட்டார்."

கரடி மெல்லக் கேட்டது: "அண்ணே, என் நிழல் தொடங்கும் முன்னால், போன வருடம், கண்ணியில் எத்தனை பிள்ளைகள் போயின?"

"ஏழு." அழுதுகொண்டே எழுதிய கணக்கு அது, மறக்குமா?

"இந்த வருடம், என் நிழல் இருந்தவரைக்கும்?"

"பூச்சியம்" என்று முனகியது கொறியன்.

மறுநாள் காலை அதே இலையை யானையிடம் நீட்டியது.

"இதில் பூச்சியம் அப்படியே இருக்கிறதே?" என்றது யானை.

"அது சரிதான், அம்மா. பக்கத்தில் போன வருடம் ஏழு என்று எழுத மறந்துவிட்டேன்."

அன்று மாலையே பத்துத் தேனடையும் பலாமர நிழலுக்குப் போய்ச் சேர்ந்தன. முதல் துண்டைக் கரடி அரைவால் துள்ளனுக்குப் பிட்டுக் கொடுத்தது.

நீதி: ஒரு வேலையின் பலனை அளக்கும்போது, அதனால் நடந்த நன்மையோடு நடக்காமல் போன தீமையையும் சேர்த்து எண்ண வேண்டும்.