உப்பு காய்வதற்குள்

சங்குமேட்டுக் கடற்கரையில் ஆம்புலன்ஸ் இறங்காது. தார்ச்சாலை முடிகிற இடத்தோடு நின்றுவிடும். அதற்கப்பால் வடக்கு முனை வரை மூன்று கிலோமீட்டர் புதைமணல். கடலிலிருந்து இழுத்துப் போட்டவரைத் தூக்கிக்கொண்டு அந்த மணலில் ஓடினால், பாதி வழியில் தூக்குகிறவனுக்கே மூச்சு நின்றுவிடும். அதற்காக மீட்புக் குழுவுக்கு ஒரு ஏடிவி கொடுத்திருந்தார்கள். பருத்த நான்கு சக்கரம், பின்னால் ஆளைக் கிடத்த ஒரு தட்டு. ஊரில் அதற்கு மணல்வண்டி என்று பெயர்.

அதை ஓட்டுவதற்குக் கொம்பையா வந்து சேர்ந்தார். ஐம்பத்திரண்டு வயது. இருபத்தாறு வருஷம் தூத்துக்குடிக்கும் நாக்பூருக்குமாக லாரி ஓட்டியவர். இந்த வேலை நிலைத்தால் தினமும் சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து சாப்பிடலாம். கல்யாணமான நாளிலிருந்து அவருக்கு வாய்க்காத காரியம் அது. ஆடி அமாவாசை வரைக்கும் பார்ப்பார்கள். சரிப்படவில்லை என்றால் மறுபடியும் லாரிதான்.

வண்டி ஜெசிந்தாவின் பொறுப்பில் இருந்தது. முப்பத்தைந்து வயது மெக்கானிக். அவள் சம்மதிக்காமல் யாரும் அதில் ஏற முடியாது. சாவியை ஜெபமாலையோடு சேர்த்துக் கழுத்தில் போட்டிருந்தாள்.

"சாவி தாயி," என்று கொம்பையா கையை நீட்டினார்.

அவள் அந்தக் கையில் ஒரு வாளியைக் கொடுத்தாள். உள்ளே ஒரு குவளை மிதந்தது.

"என்ன இது?"

"நல்ல தண்ணி. வண்டியைக் கழுவுங்க அண்ணாச்சி."

"நேத்துதான் கழுவின மாதிரி இருக்கு."

"நேத்து கழுவினதுதான்."

"நான் டிரைவர் தாயி. கிளீனர் வேலையை விட்டு இருபத்தாறு வருஷம் ஆச்சு."

"அப்ப மறந்திருக்காது."

கொம்பையா சிரித்துவிட்டார். வாளியை ஓரமாக வைத்துவிட்டுக் குழாயில் ஓஸைச் செருகினார். ஜெசிந்தா வந்து குழாயை அடைத்தாள்.

"பீச்சி அடிச்சா மணல் வெளிய வராது. உள்ள போகும். ஊத்துங்க, கையை வச்சுத் தடவுங்க."

அப்படித்தான் தொடங்கியது. காலையில் ஒரு முறை, வண்டி மணலில் போய் வந்த பிறகு, இரும்பைத் தின்கிற உப்பு காய்வதற்குள், ஒரு முறை. இருக்கைக்கு அடியில் இருக்கும் காற்று வடிகட்டியை எடுத்து, நுரைப்பஞ்சை அலசி, நிழலில் உலர்த்தி, எண்ணெய் தடவிப் பிழிந்து திரும்ப வைக்க வேண்டும். அச்சு முனைகளில் மாட்டியிருக்கும் ரப்பர் உறைகளை மடிப்பு மடிப்பாகப் பிதுக்கிப் பார்க்க வேண்டும். கிரீஸ் வைக்க வேண்டும். பிரேக்கை அமுக்கிப் பார்க்க வேண்டும். மறுநாள் இதே வேலை, முதல் நாள் ஒன்றுமே செய்யாதது போல.

ஜெசிந்தா செய்யும்போது அவள் கண் வேறெங்காவது இருக்கும். கடலைப் பார்ப்பாள், யாரோடாவது பேசுவாள். விரல்கள் மட்டும் வண்டிக்கு அடியில் ஊர்ந்துகொண்டே போகும். திடீரென்று ஓரிடத்தில் நிற்கும். "இந்த நட்டு அரைச் சுத்து கழண்டிருக்கு," என்பாள். கொம்பையா குனிந்து, டார்ச் அடித்து, ஸ்பேனரை வைத்துப் பார்ப்பார். அரைச் சுற்றுதான் இருக்கும்.

எத்தனையோ மேஸ்திரிகளைப் பார்த்தவர் அவர். அன்று வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே மனைவியிடம், "அந்தப் பிள்ளைக்குக் கண்ணு விரல்ல இருக்கு," என்றார்.

ஒரு நாள் காலை கொம்பையா முன்னதாகவே வந்துவிட்டார். பழக்க தோஷம், இரும்பு லிவரை எடுத்து டயர்களைத் தட்டிப் பார்த்தார். லாரி டயர் என்றால் டங்கென்று பதில் சொல்லும். இது ஈரமூட்டையைத் தட்டியது போலத் தொப்பென்றது. நான்கும் அப்படியே. அவருக்கு மனசு பொறுக்கவில்லை. பம்பை மாட்டி, டங்கென்று சத்தம் வருகிற வரைக்கும் நான்கிலும் காற்றை ஏற்றினார்.

ஜெசிந்தா வந்து பார்த்தாள். ஒரு டயரைப் பெருவிரலால் அமுக்கினாள். பிறகு கழுத்திலிருந்து சாவியைக் கழற்றி நீட்டினாள்.

"ஓட்டுங்க அண்ணாச்சி."

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. ஏறி உட்கார்ந்தார். ஷெட்டின் சிமென்டுத் தரையில் வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. மணலில் இறங்கிப் பத்தடி போனதும் பின்சக்கரங்கள் குழி பறித்தன. ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். மணல் வாரி அடித்தது. அச்சு வரைக்கும் புதைந்தது.

வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவர், "அண்ணாச்சி கிணறு வெட்டுதாரு! தண்ணி வந்தாச் சொல்லும்வே!" என்று சத்தம் போட்டார்.

ஜெசிந்தா நிதானமாக வந்து மணலில் உட்கார்ந்தாள். கையை மடக்கி மணலில் குத்தினாள். மணிக்கட்டு வரை போயிற்று. பக்கத்திலேயே விரல்களை விரித்து உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். மணல் தாங்கிக்கொண்டது.

கொம்பையா இறங்கினார். ஒரு குச்சியை ஒடித்து வால்வை அமுக்கினார். காற்று நெடுநேரம் சீறிக்கொண்டிருந்தது.

"எவ்வளவு வைக்கணும்?"

"அஞ்சு பவுண்ட்."

"லாரிக்கு நூறுக்கு மேல வைப்போம்."

"அங்க உங்களுக்கு ரோடு போட்டு வச்சிருக்காங்க," என்றாள். கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள்.

ஆனி முடிகிற சமயத்தில் ஒரு நாள், வடிகட்டிப் பஞ்சைப் பிழிந்துகொண்டே அவர் கேட்டார்.

"தாயி, நான் எப்ப ஓட்ட லாயக்கு ஆவேன்?"

"ஓட்டுறதுல உங்களுக்குக் குறையே கிடையாது."

"பிறகென்ன?"

அவள் பஞ்சை வாங்கி முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். "இன்னொரு தரம் அலசுங்க. மண் வாடை இருக்கு."

ஆடி அமாவாசைக்கு முதல் நாள் அவளாகவே சொன்னாள். "நாளைக்கு நீங்க எடுங்க."

கொம்பையாவுக்கு அன்று தூக்கம் பிடிக்கவில்லை. விடிந்ததும் சவரம் செய்து, காக்கிச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். கடற்கரையில் ஆயிரக்கணக்கில் சனம். தர்ப்பணம் கொடுப்பவர்களும் முங்கி எழுபவர்களுமாக அலை தெரியவில்லை. பதினோரு மணிக்குத் தாசில்தார் வருகிறார். வண்டி பந்தல் முன்னால் நிற்க வேண்டும்.

வாளியோடு உட்கார்ந்தார். முன்பக்க இடது அச்சில் விரலை ஓட்டும்போது ரப்பர் மடிப்புக்குள் ஏதோ தட்டுப்பட்டது. நகக்கண் அளவு. டார்ச் அடித்தால் தெரியவில்லை. மறுபடி விரலை வைத்தால் இருந்தது.

ஜெசிந்தா ஆறடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சாவி வண்டியிலேயே தொங்கியது. இன்று ஒரு நாள் ஓடிவிடும். ஓடாமலும் போகலாம். உறைக்குள் உப்புத் தண்ணீரும் மணலும் புகுந்தால் எந்த இடத்தில் நிற்கும் என்று அவருக்குத் தெரியும். வடக்கு முனையில் நிற்கும், தட்டில் ஆளோடு.

"தாயி, உறை கிழிஞ்சிருக்கு."

அவள் வந்து விரலை வைத்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஜாக்கி எடுங்க."

சக்கரத்தைக் கழற்றி அச்சை உருவியபோது குழுத் தலைவர் வந்துவிட்டார்.

"யாரைக் கேட்டு வண்டியைப் பிரிச்சீரு?"

"கிழிசல் சார்."

"எங்க?"

கொம்பையா காட்டினார். தலைவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார்.

"கொசு கடிச்ச அளவு இருக்கு! பதினோரு மணிக்கு வண்டி பந்தல்ல நிக்கலைன்னா உமக்கு இங்க வேலை இல்லவே, பாத்துக்கிடும்."

கொம்பையா ஜெசிந்தாவைப் பார்த்தார். அவள் பழைய கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அன்றைக்கு வேறு வேலையே இல்லாதவள் போல. அவரும் ஒரு துணியை எடுத்துக்கொண்டார். கிரீஸில் இஸ்திரிச் சட்டை போன இடம் தெரியவில்லை.

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது புது உறை மாட்டி வேலை முடிந்தது. சக்கரத்தின் கடைசி நட்டை இறுக்கிக்கொண்டிருந்தார். வடக்கேயிருந்து, ஒருவர் ஊத அடுத்தவர் வாங்கி ஊத, விசில் சத்தம் வந்து சேர்ந்தது. ஒன்றல்ல, விடாமல்.

முனையில் ஒரு அம்மாளை அலை இழுத்திருந்தது. மீட்புக்காரர்கள் பிடித்துவிட்டார்கள். ஆனால் அலைக்குள் பாறையோடு ஒட்டி நின்றார்கள், நகர முடியவில்லை. கொம்பையா தண்ணீருக்குள்ளேயே வண்டியை விட்டார். அச்சு முங்கியது. அம்மாளைத் தட்டில் கிடத்தினார்கள். ஒருவன் நெஞ்சை அமுக்கிக்கொண்டே வர, மூன்று கிலோமீட்டர் மணலில் வண்டி ஒரு முறை கூடத் திணறவில்லை. ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தும்போது அந்த அம்மாள் தண்ணீரைக் கக்கி, யாரையோ பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

அப்படியே வண்டியைப் பந்தலுக்குக் கொண்டுவரச் சொல்லிவிட்டார்கள். கொம்பையாவுக்கு மாலை போட்டார்கள். அவரை மேடையில் ஏற்றினார்கள். ஜெசிந்தாவைத் தேடி ஆள் போனது. "தண்ணி பிடிச்சு வைக்கணும்," என்று சொல்லி அனுப்பிவிட்டாளாம்.

தாசில்தார் பேசினார். எந்திரத்தின் வேகம் பற்றிப் பேசினார். ஓட்டுநரின் துணிச்சல் பற்றிப் பேசினார். பொன்னாடை தாம்பாளத்தில் காத்திருந்தது. உச்சி வெயில். கொம்பையா மேடையிலிருந்து வண்டியைப் பார்த்தார். முன் அச்சில் ஈரம் விலகி, ஓரத்தில் வெள்ளையாகப் படரத் தொடங்கியிருந்தது. அவரால் உட்கார முடியவில்லை. தன் முதுகிலேயே காய்வது போல இருந்தது.

இறங்கிப் போனார். மாலையைக் கழற்றிப் பந்தல்காலில் மாட்டினார். வண்டியைக் கிளப்பினார்.

ஷெட் வாசலில் ஜெசிந்தா வாளிகளோடு நின்றாள்.

"அதுக்குள்ள முடிஞ்சிருச்சா அண்ணாச்சி?"

"இல்ல. பேசிட்டு இருக்காரு."

"பொன்னாடை?"

"உப்பு காயுது தாயி."

தூரத்தில் ஒலிபெருக்கி அவர் பேரைச் சொல்லிக் கூப்பிட்டது. சற்று நிறுத்தி, இன்னொரு முறை கூப்பிட்டது. கொம்பையா இஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியை உருவி அவளிடம் நீட்டினார்.

ஜெசிந்தா ஏற்கெனவே முன்சக்கரத்தருகே குந்தியிருந்தாள். நிமிரவில்லை.

"நனைஞ்சிரும், உங்க பையில போட்டுக்கிடுங்க," என்றாள். "பின்சக்கரம் உங்க பக்கம்."