முன்னால் வந்து பேசுங்க

ஏட்டு தனுஷ்கோடிக்குக் காதை மூடுவது பிடிக்காது. துப்பாக்கி சுடும்போது மாட்டவேண்டிய காதடைப்பானைக் கழுத்தில் மாலை போலப் போட்டுக்கொள்வார். பாதுகாப்புக் கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிடுவார். கல்யாண மாப்பிள்ளை தோற்றுப்போவான்.

அவருக்குப் பயிற்சி கொடுத்தவர் ஜெசிந்தா. ஒரு காலத்தில் பதக்கமாக அள்ளியவர். "எதுவானாலும் முன்னால வந்து பேசுங்க" என்பது மைதானத்தில் அவர் வைத்த சட்டம். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். திமிர் என்று சிலர் சொன்னார்கள்.

மறுநாள் காவல்துறையின் மாநிலப் போட்டி. இந்த முறை முதலிடம் தவறினால் தனுஷ்கோடி அணியில் இருக்க முடியாது. அவருடைய குண்டுகளோ இலக்கு வட்டத்துக்குக் கீழேயே போய்க்கொண்டிருந்தன.

"காதை மூடுங்க," என்றார் ஜெசிந்தா.

தனுஷ்கோடி அவர் முன்னால் வந்து நின்றார். "சத்தம் கேட்டாத்தான் மேடம் எனக்கு வேகமே வரும். சத்தத்துக்குப் பயப்படற ஆளா நான்?"

ஜெசிந்தா அவர் கழுத்தில் தொங்கிய காதடைப்பானை விரலால் காட்டினார்.

"நீங்க தங்கம் வாங்கின போட்டோ ஆபீஸ்ல மாட்டியிருக்கே. அதுல உங்க காதுல ஒண்ணுமே இல்லையே?"

"இல்லதான்."

ஜெசிந்தா அவர் கையிலிருந்த பிஸ்டலை வாங்கினார். தானே தோட்டா நிரப்பிக் கொடுத்தார்.

முதல் தோட்டா வெடித்தது. இரண்டாவதும் வெடித்தது. மூன்றாவதற்கு 'டிக்' என்று மட்டும் கேட்டது. அது வெடிக்காத போலித் தோட்டா. ஆனால் பிஸ்டலின் முனை வெடுக்கென்று கீழே இறங்கியிருந்தது. தனுஷ்கோடியின் கண்கள் இறுக மூடியிருந்தன.

"வெடிக்கவே இல்லையே ஏட்டையா. எதுக்குப் பயந்தீங்க?"

தனுஷ்கோடிக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுபேச்சில்லாமல் கண்ணாடியை இறக்கினார், காதை மூடினார். அடுத்த குண்டு வட்டத்துக்குள் விழுந்தது. அவருக்கே நம்ப முடியவில்லை.

மறுநாள் அடேயப்பா, என்ன கூட்டம்! கடைசிக் குண்டு வரைக்கும் இழுபறி. அந்த நேரம் பார்த்துப் பக்கத்தில் சுட்டவரின் துப்பாக்கியிலிருந்து சூடான காலித் தோட்டா உறை ஒன்று தெறித்து வந்து தனுஷ்கோடியின் கண்ணாடியில் மோதியது. கண்ணுக்கு நேரே! கூட்டம் பதறியது. அவர் ஒரு மூச்சு இழுத்து விட்டார். மெல்ல விசையை அழுத்தினார்.

நட்டநடு வட்டம்!

விசிலும் கைதட்டலும் கூரையைப் பிய்த்தன. முதலிடம்! தனுஷ்கோடி பிஸ்டலை வைத்தார், காதடைப்பானைக் கழற்றினார், சின்னப்பிள்ளை மாதிரி ஓடினார். ஜெசிந்தா கூட்டத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

"மேடம்! ஜெயிச்சுட்டோம் மேடம்!"

ஜெசிந்தா திரும்பவில்லை.

இன்னும் நெருங்கி, முதுகுக்குப் பின்னால் நின்று தொண்டை கிழியக் கத்தினார். "மேடம்!"

அப்போதும் திரும்பவில்லை.

தனுஷ்கோடிக்குச் சட்டென்று அந்தப் போட்டோவும் அதில் மூடாத காதுகளும் நினைவுக்கு வந்தன. பிறகு மெதுவாகச் சுற்றிக்கொண்டு அவர் முன்னால் வந்தார்.

"கைதட்டல் கேக்குதா மேடம்?"

ஜெசிந்தா அவர் உதடுகளைப் பார்த்தார். மறுபடி கூட்டத்தைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"பார்த்துக்கிட்டே இருக்கேன் ஏட்டையா. எத்தனை கை!"