ஒன்பது வண்ணம், ஒரு பென்சில்

அட்டை இந்த முறை கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது. அருணகிரி முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, கையை விட்டுத் துழாவி அதை எடுத்தார். வேட்டி முனையால் தூசியைத் துடைத்தார். இரண்டு பட அட்டைகளையும் மறுபடி பொன்னுரங்கத்தின் முன் நீட்டினார்.

"இங்கேயே இருக்கறதுன்னா இதைத் தொடுங்க. ஆத்தூர் போறதுன்னா அதைத் தொடுங்க. அவ்வளவுதானே."

பொன்னுரங்கம் இடது கையால் இரண்டையும் சேர்த்துத் தள்ளினார்.

"தா" என்றார். பக்கவாதம் வந்த இந்த இரண்டு மாதமாக அவர் வாயிலிருந்து வருவது அந்த ஒரு சத்தம்தான். வலது கையும் காலும் படுத்துவிட்டன.

கஞ்சிக் கிண்ணத்தோடு நல்லம்மா உள்ளே வந்தாள். ஆசிரமத்துச் சமையல் இப்போது அவள் பொறுப்பு.

"விடுங்க டிராயிங் சார். தண்ணி, கஞ்சின்னா அவருக்குப் புரியும். இந்த மாதிரி பெரிய விசயமெல்லாம் தலையில ஏறாது."

"அப்படித்தான் தோணுது" என்றார் அருணகிரி.

பொன்னுரங்கம் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இருபத்திரண்டு வருடம் அந்த ஆசிரமத்தின் அடுப்பு அவர் கையில் இருந்தது. அருணகிரி அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்று, சீடனாக அங்கே வந்து சேர்ந்து ஆறு வருடம். மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்ததும் இருவரும் ஆடுபுலி ஆட உட்காருவார்கள். தோற்றால் பொன்னுரங்கம் இரண்டு நாள் அவருக்கு ரசத்தில் காரத்தைக் கூட்டிவிடுவார். அவ்வளவு சிநேகம்.

பொன்னுரங்கத்தின் தம்பி மகன் தங்கராசு ஆத்தூரில் இருக்கிறான். வெள்ளிக்கிழமை வேன் எடுத்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருந்தான்.

"பெரியப்பாவுக்கு இஷ்டமில்லைன்னா நான் கட்டாயப்படுத்த மாட்டேனுங்க. அவரைக் கேட்டு வைங்க. பதிலே தெரியலைன்னா கூட்டிட்டு வந்துடறேன். இங்க டாக்டர் பக்கத்துலயே இருக்காரு."

இன்று புதன்.

கேட்டுவைக்கும் வேலையைக் குரு அருணகிரியிடம் கொடுத்திருந்தார். குருவுக்கு அவரைவிட ஒன்பது வயது குறைவு. எல்லோரும் அவரை அம்மா என்றுதான் அழைத்தார்கள், அருணகிரி உட்பட. முப்பது வருடம் பிள்ளைகளுக்குச் செரிமான மண்டலமும் மழைநீர்ச் சேகரிப்பும் வரைந்து மாட்டியவருக்கு இது பெரிய வேலையாகத் தெரியவில்லை. முப்பத்திரண்டு அட்டை தயார் செய்தார். தண்ணீர், கஞ்சி, போர்வை, வலி, கழிவறை. முதல் நாளே பொன்னுரங்கம் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிவிட்டார். கடைசி இரண்டில்தான் தகராறு.

அருணகிரி அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு அம்மாவைத் தேடிப் போனார். அம்மா பின்கட்டில் உட்கார்ந்து கிழிந்த கொசுவலையைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு சந்தேகம். இவருக்குப் புரியலையா, புரிஞ்சும் பிடிவாதம் பிடிக்கிறாரா?"

அம்மா ஊசியை வலையில் குத்தி நிறுத்தினார்.

"வெறும் அட்டை இருக்கா?"

"இருக்கு."

"கலர் பென்சில் டப்பாவும் கொண்டாங்க."

கொண்டுவந்தார். அம்மா தரையில் குனிந்து வெகுநேரம் வரைந்தார். மஞ்சள், சிவப்பு, பச்சை என்று டப்பாவில் இருந்த ஒன்றையும் விடவில்லை. அருணகிரி எட்டிப் பார்த்தார்.

"இது என்னங்கம்மா, கோழியா?"

"நீங்க."

உற்றுப் பார்த்தால் மனிதன்தான். மேடையில் உட்கார்ந்திருந்தான். தலைக்கு மேல் சூரியன். எதிரே வரிசையாகத் தலைகள், எல்லாவற்றிலும் சிரிப்பு. இரண்டாவது அட்டைக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை. மூலையில் பென்சிலால் ஒரு குச்சி மனிதன், அவ்வளவுதான்.

"ஞாயித்துக்கிழமை கூட்டத்துல நீங்க பேசணும்னு நாலு மாசமாக் கேக்கறேன். பேசறேன்னா இது. மாட்டேன்னா இது. வாயைத் திறக்காம பதில் சொல்லணும்."

அருணகிரி இரண்டையும் பார்த்தார். முதல் அட்டையைப் பார்த்தார். சூரியனைப் பார்த்தார். மூலைக் குச்சியைப் பார்த்தார். தலையைச் சொறிந்தார். இரண்டையும் மெல்ல அம்மா பக்கமே நகர்த்தினார்.

"நல்லம்மா" என்று அம்மா உள்ளே குரல் கொடுத்தார். "இங்க வா. சாருக்குப் படம் காட்டிக் கேட்டேன், பதில் வரலை. புரியலையோ?"

நல்லம்மா எட்டிப் பார்த்தாள். "வயசாச்சுல்லங்கம்மா. பெரிய விசயமெல்லாம் தலையில ஏறாது."

"அப்படித்தான் தோணுது."

அருணகிரிக்குக் காது மடல் சுட்டது. வாயைத் திறந்தார். அம்மா உதட்டில் விரலை வைத்தார். நல்லம்மா சிரித்துக்கொண்டே அடுப்புக்குப் போய்விட்டாள். அம்மா வலையை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு ஒரு முழ நீளத்துக்குத் தைத்து முடித்தார். அதுவரை அருணகிரி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"இப்பப் பேசலாம்" என்றார் அம்மா.

"நான் என்னத்தம்மா சொல்றது? நான் பேசியாகணும்னு நீங்கதான் ஏற்கெனவே முடிவு பண்ணிட்டீங்களே."

"யார் சொன்னா? நான் ரெண்டு அட்டையை வச்சுக் கேள்விதானே கேட்டேன்."

அருணகிரி பதில் சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் தரையில் அவருடைய அட்டைகள் இரண்டும் கிடந்தன. பார்வை அங்கே போயிற்று.

ஆசிரமத்து அட்டையில் ஒன்பது வண்ணம் இருந்தது. வேப்பமரத்துக்கு இலை இலையாகப் போட்டிருந்தார். கிணற்றடியில் செம்பருத்தி. சமையலறை வாசலில், பொன்னுரங்கம் சோறு வைக்கும் கறுப்புப் பூனையைக்கூட விடவில்லை. ஆத்தூர் வீடு பென்சிலில் ஒரு சதுரம். மூடிய கதவு ஒன்று. ஜன்னல் இல்லை.

அந்த வீட்டை அவர் பார்த்ததே கிடையாது.

அலுவலக அறைக்குப் போய்த் தங்கராசுவைப் போனில் கூப்பிட்டார்.

"தம்பி, உங்க வீடு எப்படி இருக்கும்?"

"ஏனுங்க சார், நல்லாத்தான் இருக்கும். பெரியப்பாவுக்கு ஒரு குறையும் வராதுங்க."

"அதில்லப்பா. கதவு எந்தப் பக்கம்? அவர் படுக்கப்போற ரூம்ல ஜன்னல் இருக்கா?"

தங்கராசு சற்றுத் தயங்கிவிட்டுச் சொல்லத் தொடங்கினான். கிழக்குப் பார்த்த வாசல். முன்னால் ஒரு கொய்யா மரம். தெருப் பக்கத்து அறை. கட்டிலில் படுத்தபடியே தெருவைப் பார்க்கலாம். எதிரே இட்லிக் கடை. வீட்டில் நாலு பேர்.

அருணகிரி எல்லாவற்றையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டார்.

மத்தியானம் முழுக்க வரைந்தார். இரண்டு அட்டைக்கும் ஒரே அளவு. இரண்டுக்கும் ஒரே கறுப்புப் பென்சில். அங்கே கொய்யா என்றால் இங்கே வேம்பு. அங்கே ஜன்னல் என்றால் இங்கேயும் ஜன்னல். அங்கே நாலு பேரைப் போட்டவர் இங்கேயும் நாலு பேரைப் போட்டார். பூனையை எங்கே வைப்பது என்று யோசித்துவிட்டு, வைக்காமலே விட்டார். மூன்றாவதாக ஒரு அட்டையில், தடுக்கிற மாதிரி விரித்த ஒரு கையை மட்டும் வரைந்தார்.

வியாழக்கிழமை காலையில் போனபோது பொன்னுரங்கம் விழித்திருந்தார். அருணகிரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நேத்து உங்களை வச்சுக்கிட்டே உங்களுக்குப் புரியாதுன்னு பேசிட்டோம். தப்பு" என்றார்.

"தா" என்றார் பொன்னுரங்கம்.

அருணகிரி அவர் மடிமேல் ஒரு பலகையைக் குறுக்கே வைத்து மூன்று அட்டைகளையும் பரப்பினார்.

"இது இங்க. இது ஆத்தூர், தங்கராசு சொன்னதைக் கேட்டு வரைஞ்சது. ரெண்டும் வேண்டாம், நான் கேக்கறதே சரியில்லைன்னா இந்தக் கை."

பொன்னுரங்கம் அவசரப்படவில்லை. ஆசிரமத்துப் படத்தைப் பார்த்தார். வேம்பின்மேல் விரலை வைத்து எடுத்தார். பிறகு ஆத்தூர்ப் படம். ஜன்னலில் விரல் நின்றது. ஜன்னலிலிருந்து இட்லிக் கடைக்குப் போயிற்று. கடையின் அடுப்பில் கொஞ்ச நேரம் இருந்தது. திரும்ப ஜன்னலுக்கு வந்தது. அப்புறம் உள்ளங்கையை விரித்து முழு அட்டையின்மேலும் வைத்தார்.

ஏன் என்று கேட்க அருணகிரியிடம் படம் இல்லை.

அட்டைகளைக் கலைத்து இடம் மாற்றி வைத்தார். "இன்னொரு தடவை."

உள்ளங்கை ஆத்தூரின்மேல் போய் உட்கார்ந்தது.

அருணகிரி மறுபடி கலைத்தார். ஆசிரமத்து அட்டை இடது கைக்கு நேர் கீழே வந்தது. ஆத்தூர் அட்டை வலது ஓரத்துக்கு, பலகையின் விளிம்புக்குப் போனது. பொன்னுரங்கம் அட்டையைப் பார்க்கவில்லை. அருணகிரியின் முகத்தைப் பார்த்தார். பிறகு இடது தோளை உந்தி, உடம்பைப் பாதி புரட்டி, கையை நெஞ்சுக்குக் குறுக்கே கொண்டுபோனார். மூச்சு வாங்கியது. தலையணை நழுவி விழுந்தது. விரல் நுனி அந்த விளிம்பைத் தொட்டது.

அருணகிரி தலையணையை எடுத்து வைத்து அவரை நேராகப் படுக்கவைத்தார். அட்டைகளை அடுக்கிக் கையில் எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போனார். அம்மா தைத்த வலையை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் பொன்னுரங்கத்தின் வேட்டிகள் இரண்டு காய்ந்துகொண்டிருந்தன.

"அம்மா, பதில் தெரிஞ்சிடுச்சு. தங்கராசுவை வரச் சொல்லிடலாம்."

"ஆத்தூரா?"

"ஆமா."

"இடம் மாத்தி வச்சுக் கேட்டீங்களா? சிலபேர் பழக்கத்துல ஒரே பக்கமாத் தொட்டுடுவாங்க."

"மாத்தி வச்சுக் கேட்டேம்மா. ஒண்ணுக்கு மூணு தடவை கேட்டுட்டேன்."

அம்மா வலையின் ஓரத்தை இழுத்துச் சுருக்கம் எடுத்தார்.

"ரெண்டு தடவை சரி. மூணாவது தடவை எதுக்கு?"

அருணகிரி கொடியிலிருந்து ஒரு வேட்டியை உருவினார். உதறி, நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு, அடுத்ததற்குக் கையை நீட்டினார்.