கௌதாரி கால் கழுவிய தொட்டி

அந்தக் காலத்தில் பறவைக்கும் மனிதருக்கும் ஒரே பேச்சு. சண்டை போட அது வசதியாக இருந்தது. அப்போது செம்மணல் மேடுகளான தேரியின் நடுவில் செந்தேரி என்று ஒரு சிற்றூர் இருந்தது. நாற்பது வீடு, சுற்றிலும் பனை, ஒரே ஒரு சுனை. ஊருக்கு மேற்கே, யாரும் வேட்டையாடக் கூடாது என்று ராஜா ஒதுக்கிவைத்த காப்புக்காடு. காடு என்றதும் பச்சைப் பசேல் என்று நினைத்துவிட வேண்டாம். முள்ளும் சரளைக்கல்லும் கானலும்தான். அங்கே மானுக்கும் முயலுக்கும் பயம் இல்லை. குடிக்கத் தண்ணீரும் இல்லை.

தண்ணீர் வேண்டுமென்றால் எல்லோரும் செந்தேரிக்குத்தான் விருந்தாளியாக வர வேண்டும். வந்தவர்களை அந்த ஊர் நன்றாகவே கவனித்தது. ஊர் வாசலில் ஒரு கல்தொட்டி உண்டு. சுனையில் வழிகிற நீர் வாய்க்காலில் ஓடிவந்து அதில் நிறையும். வருகிறவர்கள் அதில் கால் கழுவிவிட்டு உள்ளே போய் வயிறு முட்டக் குடிக்கலாம். ஆனால் திரும்பும்போது ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வெளியே கொண்டுபோகக் கூடாது. முன்பு எவனோ ஒரு வியாபாரி விருந்தாளியாக வந்து, அறுபது தோல்பையில் சுனையை அள்ளிக்கொண்டு போய்விட்டான். அந்தக் கோடை முழுக்க ஊரே நாக்கு வறண்டு கிடந்தது. அப்படி அடிபட்ட ஊர் இப்படிச் சட்டம் போட்டதில் தப்பு சொல்ல முடியாது.

சட்டத்தைவிடக் கறாரானவர் வாசல் காவல்காரர் பலவேசம். அவர் வீடு வாசலுக்கு வெளியே நூறு எட்டு தூரத்தில் இருந்தது. வீட்டுக்குப் போனாலும் ஒரு கண் வாசல் மேல்தான். குடத்தைக் கவிழ்த்துப் பார்ப்பார். சுரைக்குடுக்கையைக் குலுக்கிப் பார்ப்பார். கன்னத்தில் தண்ணீரை அடக்கிக்கொண்டு போன குரங்கைக்கூட, "முழுங்கிட்டுப் போவும்வே" என்று நிறுத்திய ஆள் அவர்.

காப்புக்காட்டில் ஒரு கல்கௌதாரி ஜோடி சரளைக்கல் மேல் மூன்று குஞ்சு பொரித்திருந்தது. குஞ்சுகளுக்கு இன்னும் இறகு முளைக்கவில்லை. நடத்திக் கூட்டிப்போகலாம் என்றால் வழியெல்லாம் நரியும் பருந்தும். சித்திரை வெயிலில் அவை கருகிப் போகாமல் தாய் நாள் முழுக்கச் சிறகை விரித்து நிழல் பிடித்துக்கொண்டு நின்றது. தண்ணீருக்குப் போவது அப்பன் வேலை.

முதல் நாள் அப்பன் கௌதாரி தன் குஞ்சு உடைத்துப் போட்ட முட்டை ஓட்டிலேயே தண்ணீர் மொண்டுகொண்டு வாசலுக்கு வந்தது. பலவேசம் அதை இரண்டு விரலால் வாங்கித் தொட்டியில் கொட்டிவிட்டு, ஓட்டை மட்டும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். இரண்டாம் நாள் தொண்டை வரைக்கும் குடித்துவிட்டுப் பறந்து வந்து, குஞ்சுகளின் வாயில் கக்கிப் பார்த்தது. வெறும் காற்றுதான் வந்தது. மூன்றாம் நாள் வேறு வழி எதுவும் தோன்றாமல், வழக்கம்போல் கால் கழுவி, குடித்து, வெறுங்கையோடு வந்து பெண்டாட்டி முன்னால் சரிந்து உட்கார்ந்தது. கடைக்குட்டி அன்று காலையிலிருந்து தலை தூக்கவில்லை.

"என்னால முடியலம்மா," என்றது கௌதாரி. சொல்லிவிட்டு அழுதது.

அப்போது கடைக்குட்டி கண்ணைத் திறக்காமலே நகர்ந்து வந்து அப்பன் நெஞ்சில் அலகை வைத்தது. வைத்த அலகை எடுக்கவில்லை. எதையோ உறிஞ்சியது.

தாய் குனிந்து பார்த்தது. "ஏங்க, இங்க ஈரமா இருக்குங்க!"

யோசித்தால் அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. கௌதாரிக்குக் கால் என்று சொல்லிக்கொள்ள அரை விரல் நீளம்கூடக் கிடையாது. அது தொட்டியில் கால் கழுவ இறங்கினாலே நெஞ்சு முழுகிவிடும். வெளி இறகெல்லாம் காய்ந்த பிறகும் உள் இறகுகளில் கொஞ்சம் ஈரம் ஒளிந்திருந்தது. கடைக்குட்டிக்குக் கிடைத்தது ஒரே சொட்டு. அந்த ஒரு சொட்டில் அது கண்ணைத் திறந்தது.

நான்காம் நாள் வெயில் ஏறுவதற்குள் கௌதாரி செந்தேரிக்கு வந்துவிட்டது. தொட்டியில் இறங்கி, நெஞ்சு இறகைச் சிலிர்த்து விரித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடி ஆடி நனைந்தது. பிறகு குடித்துவிட்டு வாசலுக்கு வந்தது.

"நில்லும்வே!" என்றார் பலவேசம். "நெஞ்சுல என்ன சொட்டுது?"

"கால் கழுவுனேன் அண்ணாச்சி."

"கால் கழுவ இம்புட்டு நேரமா? அந்தா, அந்தப் பாறையில போய் வெயில்ல நில்லும். காஞ்ச பொறவு போவலாம்."

கௌதாரி பாறையைப் பார்த்தது. அதில் நின்று காய்ந்தால் கடைக்குட்டி சாயங்காலத்தைப் பார்க்காது. அதன் சாதியே சத்தம் கேட்டால் பறந்து ஓடுகிற சாதி. அது அன்றைக்கு ஓடவில்லை. இரண்டு சிறகையும் முன்னால் மடக்கி நெஞ்சை மூடிக்கொண்டு வாசல் நடுவில் உட்கார்ந்தது.

"நான் காய மாட்டேன் அண்ணாச்சி."

குடத்தோடு வந்த பெண்கள் நின்றுவிட்டார்கள். ஊருக்குள் புதுக் கிணறு தோண்டிக்கொண்டிருந்தவர்கள் கடப்பாரையை ஊன்றிக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். ஊர்த்தலைவர் அணைஞ்சபெருமாள் பனங்காட்டிலிருந்து திரும்பி வந்தவர், சட்டப்படி தொட்டியில் கால் கழுவிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்தார். நடந்ததைப் பலவேசம் ஒன்றுக்கு இரண்டாகச் சொன்னார். வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. கௌதாரியின் நெஞ்சிலிருந்து ஒவ்வொரு சொட்டாக மண்ணில் விழுந்தது.

"உண்மையச் சொல்லும்," என்றார் தலைவர். "அதுவா நனைஞ்சுதா, வேணும்னே நனைச்சீரா?"

அதுவாக நனைந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விட்டிருப்பார்கள். கௌதாரிக்கு அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் நாளைக்கும் தண்ணீர் வேண்டும், மறுநாளும் வேண்டும். தினமும் இந்த வாசலில் நின்று பொய் சொல்லிப் பிள்ளை வளர்க்க அதற்கு மனம் வரவில்லை.

"வேணும்னேதான் நனைச்சேன் ஐயா," என்றது. "காட்டுல மூணு குஞ்சு கிடக்கு. கடைக்குட்டி சாகக் கிடக்கு. இந்த ஈரத்தக் கொண்டு போயித்தான் அதப் பொழைக்க வைக்கணும்."

"பாத்தீகளா! கொண்டு போறேன்னு அவனே ஒத்துக்கிட்டான்!" என்று குதித்தார் பலவேசம்.

"அண்ணாச்சி, நீங்க கோவிக்கக் கூடாது. உச்சிக்கு வீட்டுக்குப் போகும்போது முகம் கழுவிட்டுத்தான போறீங்க? மீசையில சொட்டுதே, அத எந்தப் பாறையில நின்னு காய வச்சிட்டுப் போறீங்க?"

கூட்டத்தில் ஒரு பெண் களுக் என்று சிரித்தாள். பலவேசத்தின் கை தானாக மீசைக்குப் போயிற்று. சற்று முன் முகம் கழுவியதில் மீசை ஈரமாகத்தான் இருந்தது.

"வந்துட்டுப் போற எல்லாரும் கால்ல ஈரத்தோடதான் போறாக," என்றது கௌதாரி. "அவுகளுக்கு நெட்டக் காலு, ஈரம் கால்ல நிக்கி. எனக்குக் குட்டக் காலு, நெஞ்சுல நிக்கி. என் கால் குட்டையாப் போனதுக்கு என் பிள்ளை சாகணுமா ஐயா?"

தலைவர் மெல்லத் திரும்பித் தான் வந்த வழியைப் பார்த்தார். தொட்டியிலிருந்து அவர் நிற்கிற இடம் வரைக்கும் செம்மணலில் ஈரக் காலடி வரிசையாகப் பதிந்திருந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டால் வாயைப் பொத்திப் பார்த்தார், அடங்கவில்லை.

"பாத்திரத்துல அள்ளுனாத்தான் களவு," என்றார். "மேலுல ஒட்டுன ஈரம் விருந்தாளியோடது. அதக் கேக்க இந்த ஊருக்கு உரிமை கிடையாது. போவும்வே, காயுறதுக்குள்ள பறந்துரும்!"

கூட்டம் கைதட்டியது. கௌதாரி சிறகை விரித்தது.

"நில்லும்வே!"

மறுபடியும் பலவேசம்தான். இனி என்ன வம்போ என்று எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் யார் முகத்தையும் பார்க்காமல் தொட்டியைக் காட்டினார்.

"பேசிப் பேசியே பாதி ஈரம் காஞ்சு போச்சு. திரும்பப் போயி நல்லா முங்கிட்டு வாரும்."

கௌதாரி முங்கியது. ஊரே பார்க்க, ஆசை தீர முங்கியது. பிறகு சொட்டச் சொட்ட எழுந்து, பலவேசத்தின் தலைக்கு மேலே இரண்டு துளி சிந்திவிட்டு, மேற்கே ஒரே பறப்பாகப் பறந்தது. காட்டில் இறங்கி நெஞ்சை நிமிர்த்தி நின்றதும் இரண்டு குஞ்சு ஓடிவந்தன, கடைக்குட்டி தத்தித் தத்தி வந்தது. ஆட்டுக்குட்டிகள் மடியை முட்டுவதுபோல் முட்டி முட்டிக் குடித்தன. எல்லாவற்றையும்விட அதிகம் குடித்தது கடைக்குட்டி. குடித்து முடித்துத் தலையை நன்றாகத் தூக்கி, "இன்னும்," என்றது. கௌதாரி அந்த ஒரு சொல்லுக்காக அப்போதே இன்னொரு தரம் செந்தேரிக்குப் பறக்கத் தயாராக இருந்தது.

இப்போது அந்தக் காப்புக்காட்டைத் தேசியப் பூங்கா என்கிறார்கள். வேனிலும் காரிலும் ஆட்கள் வந்து செந்தேரியில் இறங்கி, அந்தத் தொட்டியில் கால் கழுவுகிறார்கள். கால் துடைக்கக் கைக்குட்டையை எடுக்கிறவர்களை வாசலில் இருப்பவர் தடுத்துவிடுவார். காலை எட்டு மணிக்கு மேல் மேற்கிலிருந்து கௌதாரிகள் வரும். பெண் பறவைகள் குடித்துவிட்டுக் கிளம்பிவிடும். ஆண் பறவைகள் மட்டும் நெஞ்சு முழுக நின்று, ஆடி ஆடி நனைந்து, பிள்ளைகளிடம் பறக்கும். அன்று முதல்தான் ஆண் கல்கௌதாரியின் நெஞ்சு இறகு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது; அன்று முதல்தான் செந்தேரியில் கால் கழுவிய யாரும் துடைப்பதில்லை, ஈரத்தோடே போகிறார்கள்.