திருகையின் வாயைக் கட்டிய கரடி

விடிந்ததிலிருந்து இருட்டும் வரை 'டக்டக், டக்டக்' என்று ஒரே சத்தம் காதில் விழுந்துகொண்டே இருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? அதுவும், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளை அந்தச் சத்தத்தில் கண்ணை மூடமாட்டேன் என்று அழுதால்?

மலைச்சரிவில் ஓர் ஊர். ஊர் முழுக்க விலங்குகள். சரிவைப் படிப்படியாக வெட்டி, கேழ்வரகும் சாமையும் விதைத்துப் பிழைத்தார்கள். ஆரம்பத்தில் தானியத்தைப் பாறையில் போட்டுக் கல்லால்தான் இடித்தார்கள். ஒரு வேளைக் கஞ்சிக்கு மாவு சேர்வதற்குள் பிள்ளைகள் அழுது அழுது தூங்கிவிடும்.

ஒருநாள் ஒரு நீர்நாய்ப் பாட்டி அருவியடியில் சருகு சுழல்வதைப் பார்த்தாள். "சருகைச் சுத்தவைக்கிற தண்ணி கல்லைச் சுத்தவைக்காதா?" என்று யோசித்தாள். ஓடையிலிருந்து வாய்க்கால் வெட்டினாள். அந்தத் தண்ணீரை ஒரு மரச்சக்கரத்தின் மேல் விழவைத்து, சக்கரத்தோடு திருகைக் கல்லைப் பூட்டினாள். கல் தானாகச் சுற்றியது. மாவு கொட்டியது.

பிறகு ஓடை நெடுக நான்கு திருகைகள் வந்தன. மேலே இருந்ததை வெள்ளம் கொண்டுபோனது. அடுத்ததில் யார் முந்தி அரைப்பது என்று நரிகளும் கீரிகளும் அடித்துக்கொண்டதில் சக்கரமே உடைந்தது. மூன்றாவதன் வாய்க்காலை யாரும் தூர்வாரவில்லை. தண்ணீர் வேறு பக்கம் போய்விட்டது. மிஞ்சியது, கரடியம்மாவின் குகைக்குப் பக்கத்தில் இருந்த ஒன்றே ஒன்று. அந்த நீர்நாய்ப் பாட்டியின் பேரன்தான் அதைப் பார்த்துக்கொண்டான்.

டக்டக் சத்தம் அங்கிருந்துதான் வந்தது. கல்லுக்கு மேலே தானியக் கூடை தொங்கும். கூடையில் கட்டிய ஒரு குச்சியின் நுனி, சுற்றும் கல்லின் மேல் துள்ளிக்கொண்டே இருக்கும். குச்சி துள்ளினால் கூடை ஆடும். கூடை ஆடினால்தான் தானியம் கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லுக்குள் விழும். இது நீர்நாய்க்குத் தெரியும். மற்றவர்களுக்கு மாவு தெரியும், அவ்வளவுதான்.

மழைக்காலம் நெருங்கியது. மழை பிடித்துவிட்டால் ஓடை பெருகும், திருகை நின்றுவிடும். அதனால் மழைக்காலம் முழுவதற்குமான தானியத்தை ஊரே மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து திருகைக் குடிசையில் அடுக்கியிருந்தது. கரடியம்மாவின் மூட்டையும் அதில்தான் இருந்தது.

அந்த நேரம் பார்த்து அவள் குட்டி குண்டுமணிக்குக் காய்ச்சல் வந்தது. தொட்டால் சுட்டது. ஈர இலையை நெற்றியில் போட்டால் அடுத்த நிமிஷம் காய்ந்தது. கண் செருகும், உடனே 'டக்டக்'. வீல் என்று எழுந்துவிடும்.

கரடியம்மா திருகைக்குப் போனாள். "அண்ணே, பிள்ளை ரெண்டு நாளாத் தூங்கல. அந்தக் குச்சியைக் கொஞ்ச நேரம் நிறுத்துங்களேன்."

நீர்நாய் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தங்கச்சி, உன் குறட்டைய நாங்க எத்தனை வருஷமாப் பொறுத்துக்கிட்டிருக்கோம்! நீ ஒரு வாரம் இதைப் பொறுக்க மாட்டியா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "குச்சிக்கும் காய்ச்சல் வந்தா நிக்கும் அக்கா," என்றது முள்ளம்பன்றி. மறுபடி சிரிப்பு.

"அது ஓடினாத்தான் வேலை ஓடும்," என்று மட்டும் சொல்லிவிட்டு நீர்நாய் அடுத்த மூட்டையைப் பிரித்தான். ஏன் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. அந்தச் சிரிப்பு அவளுக்குக் குச்சியைவிடச் சத்தமாகக் கேட்டது.

மறுநாள் மத்தியானம் வரிசையில் நின்றவர்கள் சாப்பிடப் போனார்கள். நீர்நாய் கூடையைத் தளும்ப நிரப்பிவிட்டு, வாய்க்காலில் அடைத்த சருகை அள்ளப் போனான். கரடியம்மா உள்ளே நுழைந்தாள்.

"அரைக்கிறது கல்லு. இந்தக் குச்சி சும்மா ஆடுது," என்று அவளுக்குத் தோன்றியது. ஒரு கொடியை எடுத்தாள். குச்சியைத் தூக்கி விட்டத்தோடு சேர்த்துக் கட்டினாள். சத்தம் நின்றது. கல் அது பாட்டுக்குச் சுற்றியது.

"கல்லை நான் தொடவே இல்லையே. அண்ணன் வர்றதுக்குள்ள அவிழ்த்துவிட்டாப் போச்சு."

குகைக்குத் திரும்பினாள். குண்டுமணி ஒரு தட்டலில் தூங்கிப்போனது. மூன்று நாளாக விழித்திருந்தவள் அவள். பக்கத்தில் சாய்ந்தாள். அவளுக்கும் கண் சொருகிவிட்டது.

அங்கே கூடை ஆடவில்லை. நிறையத் தானியம் இருந்தும் ஒரு மணிகூட விழவில்லை. கல் இருந்ததை அரைத்தது. பிறகு கல்லைக் கல்லே அரைத்தது. பொறி பறந்தது. குடிசைக்குள் புகையாய் மிதந்த மாவுத் தூசி தீப்பிடித்துக்கொண்டது.

கருகல் வாடையில்தான் கரடியம்மா விழித்தாள். ஓடினாள். சுரைக்குடுக்கையிலும் இலையிலும் தண்ணீர் அள்ளி ஊரே ஊற்றியது. நெருப்பு அடங்கியபோது கல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. மூட்டைகள் இருந்த இடத்தில் சாம்பல்.

"கூடை நிறைய இருந்துச்சே. கல்லு எப்படிக் காஞ்சுது?" என்று நீர்நாய் திரும்பத் திரும்பக் கேட்டான்.

"நான்தான் அண்ணே குச்சியைத் தூக்கிக் கட்டினேன். சத்தத்தைத்தான் நிறுத்தினேன்னு நெனச்சேன்."

அவன் சாம்பலில் உட்கார்ந்துவிட்டான். "நீ வந்து நின்னப்பவே குச்சி எதுக்குன்னு நான் சொல்லியிருக்கணும். கல்லையும் சேர்த்துக் கொஞ்ச நேரம் நிறுத்தியிருக்கலாம். சிரிச்சுட்டேன்." முள்ளம்பன்றி தலையைத் திருப்பிக்கொண்டது.

சாயங்காலம் முதல் மழை விழுந்தது. எரிந்துகொண்டிருந்தபோது வராத மழை. ஓடை பெருகத் தொடங்கியது. இனி கல் வெட்ட முடியாது, சக்கரம் பூட்ட முடியாது, விதைத்து எடுக்கவும் மாதங்கள் ஆகும். பாறையில் இடிக்கலாம் என்றால் இடிக்கத் தானியம் வேண்டுமே.

கரடியம்மா குகைக்கு வந்தாள். குண்டுமணி எழுந்து உட்கார்ந்திருந்தது. நெற்றி குளிர்ந்திருந்தது. நல்ல தூக்கம் தூங்கிய முகம்.

"அம்மா, பசிக்குது. ஏன் சத்தத்தையே காணோம்? அது கேட்டாத்தானே கஞ்சி வரும்? அந்த டக்டக்க மறுபடி ஓடச் சொல்லும்மா."

காதுக்கு இரைச்சலாக இருக்கிற எதன் வாயையும் கட்டும் முன், அது யாருக்காக என்ன வேலை செய்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.